கண்சிமிட்டும் மின்சாரமும் வீட்டுக் கணினியும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

மின்வெட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? இருண்டு கிடக்கும் வீடு, கைவிசிறி, மெழுகுவர்த்தி, மறுநாள் காலையில் தேர்வு! இந்த நீண்ட மின்வெட்டை நாம் எல்லாரும் அறிவோம். அது வருமென்று தெரிந்தால் குடத்தில் நீர் பிடித்து வைக்கிறோம். சட்டினியை முன்கூட்டியே அரைத்து வைக்கிறோம். ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது அதைப் பற்றி அன்று. ஒரு நொடிகூட நீடிக்காமல், விளக்கு ஒருமுறை சிமிட்டியதும் மறைந்துவிடுகிற மின்தடையைப் பற்றியே இக்கட்டுரை. “இவ்வளவு சிறிய தடையால் என்ன கேடு வந்துவிடும்?” என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஐப்பசி வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

வீட்டைக் கவனிக்கும் கணினி

இக்காலத்தில் சில வீடுகளில் விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், வாசல் மணி ஆகியவற்றை ஒரு சிறு கணினி கவனித்துக்கொள்கிறது. மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது, பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கை ஏற்றுவது, சமையலறையில் எரிவாயு கசிந்தால் எச்சரிப்பது போன்ற பணிகளை அது சலிப்பின்றிச் செய்கிறது.

இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையே போதும். இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது ராஸ்பெரி பை. மாணவர்கள் குறைந்த செலவில் கணினி கற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 2012-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார் இதை வெளியிட்டனர். வீட்டு வேலைகளைக் கவனிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்னும் மென்பொருள் 2013-இல் தொடங்கப்பட்டது. அதை யாரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம். இவ்வகைச் சிறு கணினிகள் பெரும்பாலும் 5 வோல்ட் மின்சாரத்தில், 10 வாட்டுக்கும் குறைவான திறனில் இயங்குகின்றன. ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு எடுக்கும் மின்சாரமே இதற்குப் போதும்.

பொறியியல் படிக்கும் என் அண்ணன் விடுமுறையில் வந்தபோது எங்கள் வீட்டில் இத்தகைய ஒன்றை அமைத்தான். முக்கியமான காரணம் எங்கள் ஆச்சி. இடுப்பில் அறுவை செய்துகொண்ட ஆச்சி துணையின்றி எழுந்து நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே ஆச்சியின் கட்டிலில் ஒரு சிறு பொத்தான் பொருத்தப்பட்டது. அதை அழுத்தினால் செய்தி கம்பியில்லாமல் கணினிக்குச் செல்லும். கணினி உடனே அம்மாவின் அறையிலுள்ள மணியை அடிக்கும். வழியிலுள்ள விளக்கையும் ஏற்றும். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஒரு நள்ளிரவு

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. அதிகாலை நாலரை மணிக்கு எழுந்த அம்மா, ஆச்சியின் அறைக்குள் சென்றதும் அலறிவிட்டார்கள். ஆச்சி கட்டிலுக்குக் கீழே, தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கைகால்கள் சில்லிட்டிருந்தன. இரண்டு மணியளவில் தாகம் எடுத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தாமே எழ முயன்று சரிந்துவிட்டார்கள்.

“நான் மணி அடிச்சேன் தாயி. நீங்க அசந்து தூங்குறீங்கன்னு நெனச்சேன். எதுக்கு எழுப்பணும்னு அப்படியே உட்கார்ந்துட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னார்கள். அந்தச் சொல் எங்களை அடித்ததுபோல் இருந்தது. இறைவன் அருளால் எலும்புக்கு ஒன்றும் நேரவில்லை.

கணினி ஏன் வேலை செய்யவில்லை? அன்றிரவு மின்வெட்டே இல்லை என்றார் அப்பா. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் இன்வெர்ட்டரும் உண்டு. கணினியும் அந்த இணைப்பில்தான் இருந்தது. புதிருக்கு விடை சொன்னவர்கள் ஆச்சியே. “உங்க கரண்டுப் பெட்டி ராத்திரி ‘டக்’குன்னுச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொரு ‘டக்’கு. முதல் சத்தத்துல விடிவிளக்கு ஒருதடவை கண்ணைச் சிமிட்டுச்சு” என்றார்கள். உறக்கம் வராத முதியவர்கள் கவனிப்பதை நாம் கவனிப்பதில்லை!

மின்சாரம் ஏன் சிமிட்டுகிறது?

மின்பாதையில் மரக்கிளை உரசினாலோ இடி மின்னல் தாக்கினாலோ பாதையைக் காக்கும் கருவி இணைப்பைத் துண்டிக்கிறது. கிளை விலகியிருக்கலாம் என்பதால், சிறிது நேரத்தில் தானே மீண்டும் இணைத்துப் பார்க்கும் கருவிகளும் பல இடங்களில் உள்ளன. இது நம் பாதுகாப்புக்காகவே நடப்பது, குற்றம் சொல்வதற்கில்லை. அருகில் ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து எழுவதுண்டு.

அப்போது வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் என்ன செய்கிறது? மின்சாரம் நின்றதை அறிந்ததும் ரிலே என்னும் மின்விசை மூலம் வீட்டுச் சுமையைத் தன் பேட்டரிக்கு மாற்றுகிறது. ‘டக்’ என்ற ஓசை அந்த ரிலேயின் ஓசைதான். பிறகு மின்சாரம் திரும்பி நிலைபெற்றதும் மறுபடி மாற்றுகிறது. அது இரண்டாவது ‘டக்’. அறிவதற்கும் மாற்றுவதற்கும் இடையே ஒரு சிறு நேரம் செல்லும் அல்லவா? அந்த நேரத்தில் வீட்டுக்கு இந்தப் பக்கத்து மின்சாரமும் இல்லை. அந்தப் பக்கத்து மின்சாரமும் இல்லை. மின்விசிறி சுழன்ற வேகத்திலேயே அதைக் கடந்துவிடும். நம் கண்ணுக்கு விளக்கின் சிமிட்டல் மட்டுமே தெரியும். கணினிக்கோ அது ஒரு பெரும் பள்ளம்.

பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் இரண்டு நிலைகள் கொண்ட ஒரு சிறு விசை இருக்கும். ஒன்று சாதாரண நிலை, மற்றது யு.பி.எஸ். நிலை. சாதாரண நிலையில் மின்னழுத்தம் மிகவும் தாழும் வரை இன்வெர்ட்டர் பொறுத்திருக்கும். மாறுவதற்கும் நேரம் கூடுதலாக எடுக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் இதுவே போதும், பேட்டரியும் வீணாகாது. யு.பி.எஸ். நிலையிலோ மின்னழுத்தம் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே அது விரைந்து மாறிவிடும். எங்கள் வீட்டு விசை சாதாரண நிலையில் இருந்தது. வாங்கிய நாள் முதல் அதை யாரும் தொட்டதில்லை.

எவ்வளவு ஆற்றல் குறைந்தது?

தோழிகளே, நம் பாடப்புத்தகத்தில் படித்த ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும்.

கணினியின் திறன் 6 வாட் என்று கொள்வோம். மாறுவதற்கு ஆன நேரம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 நொடி என்று கொள்வோம். தேவையான ஆற்றல் 6 × 0.05 = 0.3 ஜூல்.

0.3 ஜூல் என்பது எவ்வளவு? 50 கிராம் எடையுள்ள ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல்! ஒரு குழந்தைகூட அதைச் செய்யும்.

இனி எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்ப்போம். அது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஒரு மணிக்கு 3,600 நொடி என்பதால், அதில் அடங்கும் ஆற்றல் 64 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். இவ்வளவு செல்வம் மாடிப்படிக்கு அடியில் இருந்தும், வேண்டிய கணத்தில் 0.3 ஜூல் கணினியின் கைக்கு எட்டவில்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு வியப்பாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

செம்பும் குடமும் தொட்டியும்

குழாயில் நீர் நின்றுபோனாலும் நாம் தவிப்பதில்லை. மாடியில் தொட்டியிலும், சமையலறையில் குடத்திலும், கைப்பக்கத்தில் செம்பிலும் நீர் இருக்கிறது. மின்சாரத்தைச் சேமிப்பதும் இவ்வாறே.

செம்பு என்பது மின்தேக்கி. நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்வது. அதாவது, நொடிக்கு 100 முறை மின்னழுத்தம் சுழியைத் தொட்டு எழுகிறது! கணினியின் அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கியே அந்த நூறு பள்ளங்களையும் நிரப்பிச் சீரான நேர்திசை மின்சாரம் கிடைக்கச் செய்கிறது. முதல் மின்தேக்கியான லெய்டன் சாடி 1745, 1746-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் உருவானது. கணினிக் கருவிகளைச் செய்வோர் 20 மில்லி நொடி வரையிலான முழுத் தடையை அவை தாங்க வேண்டும் என்பதைப் பொதுவான அளவாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய அடாப்டரில் மின்தேக்கி உலர்ந்து, செம்பு சிறுத்துப்போகிறது. எங்கள் கணினிக்குப் பயன்பட்டது ஒரு பழைய கைபேசியோடு வந்த அடாப்டர்.

குடம் என்பது கணினியின் அருகிலேயே வைக்கும் சிறு பேட்டரி. தொட்டி என்பது வீட்டு இன்வெர்ட்டர். இத்தாலி நாட்டு அறிஞரும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1800-இல் முதல் மின்கலத்தை அறிவித்தார். வோல்ட் என்னும் அலகு அவர் பெயரால் வழங்குவதே. இன்வெர்ட்டரில் உள்ள ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். கைபேசியிலுள்ள லித்தியம்-அயனி பேட்டரிக்கு வழிவகுத்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

பாதி எழுத்தில் நின்ற பேனா

மின்சாரம் திரும்பியதும் கணினி தானே மறுபடி தொடங்கியிருக்க வேண்டுமே, ஏன் தொடங்கவில்லை? இதுதான் நான் முக்கியமாகக் கேட்ட கேள்வி.

இவ்வகைக் கணினிகள் பலவற்றில் தகவல்கள் ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன. நகத்தளவான அந்த அட்டையில் கணினி ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். “இரவு 1.58, ஆச்சி அறை வெப்பம் 26 டிகிரி” என்பது போன்ற சிறு குறிப்புகள் அவை. அட்டையில் எழுதும் முறை நம் நோட்டுப்புத்தகத்தில் எழுதுவது போன்றதன்று. ஒரு சொல்லை மட்டும் அழித்து எழுத அதனால் முடியாது; ஒரு பெரிய பகுதியையே மொத்தமாக அழிக்க வேண்டும். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் அது அவ்வப்போது திருத்தி எழுதும்.

நம் வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் புதிதாக எழுதுவதற்காகப் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். புதிய பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதுவதற்குள் பேனாவை யாரோ பிடுங்கிக்கொண்டால் என்னவாகும்? பழைய பக்கமும் இல்லை, புதிய பக்கமும் முழுமையில்லை. பதினோராவது மாணவி முதல் அனைவரும் வகுப்பிலே இருந்தும் பதிவேட்டில் இல்லாதவர்கள்! மெமரி கார்டில் நடந்ததும் இதுவே. தொடங்குவதற்கு வேண்டிய பகுதியைக் கணினி தேடியது. அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஆகவே விழித்தும் விழிக்காத நிலையில் காலை வரை நின்றுவிட்டது.

முழுத் தடையைவிட அரைத் தடை சில வேளைகளில் தீயது என்றும் அறிந்தேன். 5 வோல்ட் சிறிது தாழ்ந்தால் கணினி அணையாது, ஆனால் தடுமாறும். ராஸ்பெரி பை பலகைகளில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை தோன்றும். அத்தகைய எச்சரிக்கையை அடிக்கடி கண்டால் முதலில் அடாப்டரையும் கம்பியையும் மாற்ற வேண்டும்.

காக்கும் வழிகள்

மறுவாரம் அண்ணன் ஊருக்கு வந்தான். புதிய கார்டு போட்டுக் கணினியை இயக்கிவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சைப் பத்து முறை அணைத்து ஏற்றிப் பார்த்தான். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். பத்து முறையில் மூன்று முறை கணினி அணைந்து தொடங்கியது. எல்லா முறையும் ஏன் அணையவில்லை? மின்னலையின் எந்த இடத்தில் தடை நேர்கிறது, அந்தக் கணத்தில் கணினி எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால்தான் இரண்டு மாதம் நாங்கள் நலமாக இருப்பதாக எண்ணி ஏமாந்தோம்! பின்பு இன்வெர்ட்டரை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றி, புதிய அடாப்டரைப் பொருத்திப் பத்து முறை பார்த்தோம். ஒருமுறையும் அணையவில்லை. ஆயினும் அண்ணன் அத்துடன் நிற்கவில்லை. நாங்கள் செய்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் இணைப்பைப் பாருங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே இருக்கும். பிளக் பாயின்ட்டுக்கு இராது. கணினி எந்த இணைப்பில் இருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

2. கணினியின் பக்கத்திலேயே ஒரு சிறு யு.பி.எஸ். வையுங்கள். மேசைக் கணினிக்கு விற்கும் யு.பி.எஸ். சில மில்லி நொடிகளில் மாறிவிடும். ஆன்லைன் யு.பி.எஸ். என்ற வகையில் கருவி எப்போதும் பேட்டரி வழியாகவே மின்சாரம் பெறுவதால் மாறும் நேரமே இல்லை. ஆனால் விலை அதிகம். சிறு கணினிக்கு, இணைய ரூட்டருக்காகக் கடைகளில் விற்கும் நேர்திசை மினி யு.பி.எஸ். போதும். கணினிக்கு 5 வோல்ட், ரூட்டருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் என்பதை மறக்கக் கூடாது. அளவு மாறினால் கருவி பாழ்.

3. கைபேசிக்கான பவர் பேங்க்கை நம்பலாமா? 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பதில் 37 வாட்-மணி ஆற்றல் உண்டு. 6 வாட் கணினிக்குச் சில மணி நேரம் வரும். ஆனால் சில பவர் பேங்க்குகள் மின்னேற்றம் பெறும்போது மின்சாரம் கொடுப்பதில்லை. வேறு சில, மின்தடை நேரும் கணத்தில் தாமே ஒரு கணம் நின்று பிறகு கொடுக்கும். எதைத் தடுக்க வாங்கினோமோ அதையே அது செய்துவிடும்! சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

4. துணைக் கருவிகளையும் காக்க வேண்டும். கணினி விழித்திருந்து ரூட்டர் உறங்கிவிட்டால், ரூட்டர் வழியே வரும் செய்தி கணினியை அடையாது. ரூட்டர் மறுபடி தொடங்க ஓரிரு நிமிடம் ஆகும். அழைப்பு மணிக்கும் அதே காவல் வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றையும் ஒரே காவலின்கீழ் வைத்தோம்.

5. மின்தடை நீண்டுவிட்டால் கணினி தானே முறைப்படி அணைய வேண்டும். பல யு.பி.எஸ்.களை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைக்கலாம். “பேட்டரி தீரப்போகிறது” என்று யு.பி.எஸ். சொன்னதும், எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுக் கணினி அணையும். இதற்கு நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ் என்னும் விலையில்லா மென்பொருள் உண்டு.

6. குறிப்புகளைப் படி எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை கணினியின் அமைப்புகளை வேறொரு கருவியில் படி எடுத்து வைத்தால், கார்டு கெட்டாலும் அரை மணியில் மீளலாம். மெமரி கார்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் நல்ல சேமிப்பகத்தைப் பயன்படுத்துவதும், தேவையற்ற குறிப்புகளை எழுதாமல் குறைப்பதும் நன்று.

மின்சாரம் திரும்பும்போது

மின்சாரம் போகும்போது மட்டுமன்று, திரும்பும்போதும் எச்சரிக்கை தேவை. கணினிக்குக் கட்டுப்படும் விளக்குகள் சில, மின்சாரம் திரும்பியதும் தாமே எரியத் தொடங்கும். நள்ளிரவில் வீடெங்கும் விளக்கு எரிந்தால் எப்படியிருக்கும்? அது வெறும் தொல்லை. தண்ணீர் மோட்டாரோ ஆபத்து. மோட்டார் ஓடும்போது கணினி நின்றுவிட்டால் அதை நிறுத்துவார் யார்? தொட்டி வழியும், கிணற்றில் நீர் வற்றினால் மோட்டார் எரிந்துபோகும். ஆகவே மோட்டாரை இயக்கும் ரிலே, மின்சாரம் திரும்பும்போது அணைந்த நிலையிலேயே இருக்குமாறு அமைக்க வேண்டும். இத்தனை நிமிடத்துக்குமேல் ஓடக் கூடாது என்ற வரம்பையும் மோட்டாரின் பெட்டியிலேயே தனியாக வைப்பது நல்லது.

இன்னொன்று, நேரம். சிறு கணினிகள் பலவற்றில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. இணையத்தைக் கேட்டே மணி அறியும். ரூட்டர் விழிப்பதற்குள் கணினி விழித்துவிட்டால் பழைய நேரத்தை வைத்துக்கொண்டு தடுமாறும். “ஆறு மணிக்கு விளக்கேற்று” என்ற கட்டளை அப்போது பிழைபடும்.

எச்சரிக்கை

அடாப்டரையோ யு.பி.எஸ்.ஸையோ ஒருபோதும் நாமே திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கி அதைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்குமிடத்தில் காற்றோட்டம் வேண்டும். மின்னேற்றத்தின்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. நீர் ஊற்றும் வகையாயின், காய்ச்சி வடித்த நீரை மட்டுமே அளவோடு ஊற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

மாதம் ஒருமுறை

எந்தப் பேட்டரியும் மூப்படையும். யு.பி.எஸ்.களில் உள்ள ஈய-அமில பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் உள்ளே வலு இருக்கிறது என்று பொருளன்று. ஆதலால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில், செபமாலைக்கு முன்பு, எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துச் சோதிக்கிறோம். அணைத்து ஏற்றுபவர் அப்பா. ஆச்சி பொத்தானை அழுத்துவார்கள். அம்மாவின் அறையில் நின்று மணி அடிக்கிறதா என்று கேட்பது என் வேலை. நாள், நேரம், விளைவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

இவற்றையெல்லாம் செய்த பின்பும் அம்மா ஒன்று செய்தார்கள். ஆச்சியின் தலைமாட்டில் ஒரு பித்தளைக் கைமணியை வைத்தார்கள். “இதுக்குக் கரண்டும் வேண்டாம், கார்டும் வேண்டாம்” என்றார்கள். அண்ணனுக்கு முதலில் முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு அவனே, “அம்மா சொல்வதே சரி. உயிருக்கு வேண்டியதை ஒரே கருவியை நம்பி விடக் கூடாது” என்று ஒப்புக்கொண்டான். எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, சிறந்த பொறியியலாளரும் இதையே முதல் விதியாகக் கொள்வர் என்று கூறினார்.

முடிவுரை

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஐவர் விளக்கோடு எண்ணெயும் கொண்டுபோனார்கள்; மற்ற ஐவர் விளக்கை மட்டும் கொண்டுபோனார்கள். சிறுவயதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. கடையில் எண்ணெய் இருந்ததே, வாங்கிக்கொண்டுதானே வந்தார்கள், அப்படியிருக்க ஏன் கதவு அடைக்கப்பட்டது? இப்போது அதன் பொருள் எனக்குச் சிறிது விளங்குகிறது. எண்ணெய் உலகில் இருந்தால் போதாது. அழைப்பு வரும் கணத்தில் கையிலுள்ள பாத்திரத்தில் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் 64 லட்சம் ஜூல் இருந்தது. ஆச்சியின் மணிக்கு அருகே 0.3 ஜூல் இல்லை.

எனவே, வீட்டுக்குக் கணினியைக் காவல் வைப்போர், முதலில் அக்கணினிக்கு ஒரு சிறு காவல் வையுங்கள். பக்கத்திலேயே வையுங்கள், மாதந்தோறும் சோதியுங்கள். அதற்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியவர்களிடம் காலையில், “ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்த ‘டக்’ ஓசையைக் கேட்டவர்கள் ஆச்சி ஒருவரே. ஐப்பசிக்கு முன்பும் பல இரவுகள் அதைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நாங்கள்தாம் அதுவரை கேட்கவில்லை.